நீதிபதி வீட்டுக் கொலைத் தொட்டி

"செத்தது யாரு?" என்று கேட்டாள் ரக்னா.

"நேத்து காலையில வாய்தா," என்றாள் எதிரில் உட்கார்ந்திருந்த பெண்மணி. "அதுக்கு முந்தி ஜாமீன். அதுக்கும் முந்தி மேல்முறையீடு. அது போன துக்கத்துலயே அதோட ஜோடியும் போயிடுச்சு."

ஒட்வார் வாயருகே கொண்டுபோன காபியை அப்படியே கீழே வைத்தான்.

"அண்ணி, நாம துப்பறியும் ஆபீஸ்தானே நடத்துறோம்? மாடி மாறி வக்கீல் ஆபீஸுக்கு வந்துட்டேனோன்னு பயமா இருக்கு."

"மீனுங்க," என்றாள் அந்தப் பெண்மணி. கண்ணாடியைக் கழற்றி மழைத்துளியைத் துடைத்தாள். "ஹெல்மர் வீட்டுக்குள்ள வளர்க்கிற கடல் மீனுங்க. முப்பது வருஷம் நீதிபதியா இருந்தவர். வேற பேரு அவருக்குத் தெரியல."

அவள் பெயர் யோருன். வயது அறுபதை ஒட்டி இருக்கும். பெர்கன் நகரத்து நூலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வரும் சனிக்கிழமை அவளுக்கும் ஹெல்மருக்கும் கல்யாணம். அன்று புதன்கிழமை.

"நான்தான் கொன்னேன்னு நினைக்கிறார்," என்றாள். "வாய் திறந்து சொல்லல. ஆனா எங்கிட்ட வீட்டுச் சாவி கொடுத்த வாரத்துலதான் முதல் மீன் செத்துச்சு. ஒருநாள் நான் தொட்டிக் கண்ணாடியைத் துடைக்க ஸ்ப்ரே பாட்டிலை எடுத்தேன். அவர் பார்த்த பார்வை இருக்கே, ஆயுள் தண்டனை கொடுக்கிற பார்வை. நான் அடிக்கவே இல்லை, அப்படியே கீழே வச்சுட்டேன். நேத்து என்ன சொன்னார் தெரியுமா? 'சனிக்கிழமைக்குள்ள இந்த விஷயம் ஒரு முடிவுக்கு வந்துடணும்'னு சொன்னார். அப்படின்னா என்ன அர்த்தம்?"

அர்த்தம் மூன்று பேருக்குமே தெரிந்தது.

"நான் குற்றவாளி இல்லைன்னு நீங்க நிரூபிக்கணும்," என்றாள் யோருன்.

"நிரூபிக்கிறேன்னு சொல்ல மாட்டேன்," என்றாள் ரக்னா. "கண்டுபிடிக்கிறேன்னு சொல்றேன். ரெண்டும் வேற."

யோருன் அந்த வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை. ஒட்வார் கவனித்தான். அண்ணி இப்படிச் சொன்ன வழக்குகளில் பாதி விபரீதமாகத்தான் முடிந்திருக்கின்றன.

அண்ணி என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ரக்னா ஒட்வாரின் அண்ணனைக் கட்டியவள், பிறகு அவனை விட்டவள். விவாகரத்தில் வீடு, கார், நாய் மூன்றும் அண்ணனுக்குப் போயின. கொழுந்தன் மட்டும் ரக்னாவுக்கு வந்தான். பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன், பயணிகளிடம் ஓயாமல் பேசுகிறான் என்று புகார் வந்து வேலை போனதும் நேராக அவள் அலுவலகத்துக்கு வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இன்னும் எழுந்திருக்கவில்லை.

*

ஸான்ட்விகன் மேட்டில் இருந்தது ஹெல்மரின் வீடு. வெள்ளை மரவீடு. அதை எட்ட ஒரு கற்படிச் சந்தில் ஏற வேண்டும். மழை மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது, இவர்கள் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒட்வாரின் ஷூவுக்குள் இரு தரப்பும் சந்தித்துக்கொண்டன.

கதவைத் திறந்த ஹெல்மர் உயரமாக இருந்தார். கழுத்தில் கம்பளித் துண்டு, கையில் கைக்குட்டை. மூக்கு சிவந்து கிடந்தது.

"ஜலதோஷம்," என்றார். "மூணு வாரமா விடல. உள்ள வாங்க. யோருன், நீயும் வா. ஏன் வாசல்லயே நிக்கிற?"

பேச்சில் மரியாதை இருந்தது. ஆனால் அவர் யோருனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சனிக்கிழமை மோதிரம் மாற்றிக்கொள்ளப் போகிறவர்கள் மாதிரியே இல்லை, ஒரே பல் டாக்டருக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி இருந்தார்கள்.

நடைக் கூடத்தில் கோட்டை மாட்டும்போது ஒட்வாரின் காதருகே ஏதோ ரீங்கரித்தது. கையை வீசினான். இன்னொன்று வந்தது. மாடிப்படி ஓரமாக நாலைந்து பொடி ஈக்கள் சோம்பேறித்தனமாக வட்டமடித்துக்கொண்டிருந்தன. ஒன்றை உள்ளங்கையில் அடித்து, சுவரில் துடைக்கப் போனவன், ரக்னாவின் பார்வையைக் கண்டு தன் கால்சட்டையிலேயே துடைத்துக்கொண்டான்.

வரவேற்பறையில் ஒரு சுவர் முழுக்கத் தொட்டிதான். சோபாவைவிட நீளம். நீல வெளிச்சத்தில் பவளங்கள் விரிந்து ஆடின. செந்நிற இறால் ஒன்று பாறைமேல் உட்கார்ந்து மீசையை நீவிக்கொண்டிருந்தது. சங்கு நண்டுகள் மணலில் உலாத்தின. அவ்வளவு பெரிய தொட்டியில் மீன் என்று இருந்தவை இரண்டே இரண்டு. தட்டையான மஞ்சள் மீன் ஒன்று நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட குட்டிக் கோமாளி மீன் ஒன்று மூலையில் சாய்ந்து கிடந்தது.

"மஞ்சள் மீனோட பேரு?" என்று கேட்டாள் ரக்னா.

"சாட்சி," என்றார் ஹெல்மர்.

ஒட்வார் குனிந்து கண்ணாடியில் முகத்தை வைத்தான். "நடந்தது எல்லாத்தையும் கண்ணால பார்த்த ஒரே சாட்சி. பாருங்க அண்ணி, என்னவோ சொல்ல வருது. வாய் திறக்குது, வார்த்தை வரல. மிரட்டி வச்சிருக்காங்க."

ஹெல்மரின் உதட்டோரம் ஒரு கணம் அசைந்தது. பிறகு ஜலதோஷம் ஞாபகம் வந்து மூக்கைச் சிந்தினார்.

"உங்க சந்தேகம் என்ன ஸார்?" என்றாள் ரக்னா.

"நான் யாரையும் சந்தேகப்படல. தொட்டியில ஏதோ விஷம் விழுந்திருக்குன்னுதான் சொல்றேன். உப்பளவு பார்த்துட்டேன், சூடு பார்த்துட்டேன், தண்ணியும் மாத்திட்டேன். எல்லாம் சரியா இருக்கு. மீன் மட்டும் சாகுது."

"சமீபத்துல எதாவது மாத்தினீங்களா?"

"தொட்டியில ஒண்ணுமே மாத்தல."

"முன்னாடி எப்பவாவது தொட்டியில விஷம் விழுந்திருக்கா?"

ஹெல்மர் யோசித்தார். "ஒரு தடவை. செப்புக் காசு ஒண்ணு உள்ள விழுந்து கிடந்துச்சு. யாரு போட்டாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

"அப்ப யாரு முதல்ல செத்தாங்க?"

"இறாலுங்க. அப்புறம் நண்டு. மீனுக்கு ஒண்ணும் ஆகல. செம்புன்னா இறாலுக்கு ஆகவே ஆகாது. பூச்சி மருந்துன்னாலும் அதுங்கதான் முதல்ல..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். பாறைமேல் இருந்த இறாலைப் பார்த்தார். அது இன்னும் மீசை நீவிக்கொண்டிருந்தது.

"அந்த இறால் அம்மணிக்கு ஒரு தலைவலிகூட இல்ல," என்றாள் ரக்னா. "விஷம் வைக்கிற ஆளு மெலிஞ்சவங்களை விட்டுட்டு தெம்பான மீனை மட்டும் தேடித் தேடிக் கொல்லுவாரா?"

யோருன் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அதுக்காக ஒருத்தரை விடுதலை பண்ணிட முடியாது," என்றார் ஹெல்மர் மெதுவாக. சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று அவருக்கே உறைத்தது போலிருந்தது. யோருன் நிமிர்ந்தபடியே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் கோமாளி மீன் ஒரு பக்கமாகப் புரண்டது.

"போச்சு," என்று ஹெல்மர் எழுந்தார். முகம் வெளுத்துவிட்டது. "இவன்தான் தீர்ப்பு. கடைசியா வாங்கினவன். தம்பி, அந்த வாளியை எடுங்க. தனியா வைக்கலாம், அமைதியாவாவது போகட்டும்."

வாளியில் தொட்டித் தண்ணீரை மொண்டு, வலையால் தீர்ப்பை அள்ளி அதில் விட்டார். ஒட்வார் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு நடந்தான். முன்னாள் பஸ் டிரைவர். வாசற்படி ஏற்றம் தெரியாமல் கால் தடுக்கியது. வாளி இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து, தண்ணீர் குலுங்கி நுரைத்து, அதில் கால்வாசி அவன் சட்டையில் விழுந்தது. மீன் எப்படியோ உள்ளேயே இருந்தது.

"மன்னிச்சிடு தம்பி," என்றான் மீனிடம். "இந்த ரூட்ல எப்பவுமே ரோடு சரியில்ல."

*

சமையலறையில் யோருன் காபி போட்டாள். இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளைத் தட்டில் வைத்தாள். ஹெல்மர் ஒரு நாற்காலியிலும் அவள் இன்னொன்றிலும் உட்கார, நடுவில் ரொட்டித் தட்டு எல்லைக்கல் மாதிரி இருந்தது. ரக்னா வரவேற்பறையிலேயே நின்றுவிட்டாள்.

ஒட்வார் இரண்டாவது ரொட்டியைக் கடித்துக்கொண்டு, அனுதாபம் தெரிவிக்கலாம் என்று வாளியை எட்டிப் பார்த்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

"அண்ணி, கொஞ்சம் வாங்க. செத்தவன் நீச்சல் அடிக்கிறான்."

தீர்ப்பு வாளிக்குள் விறுவிறுவென்று சுற்றி வந்துகொண்டிருந்தது. ஒட்வார் விரலை நீட்டியதும் கடிக்க வந்தது.

ஹெல்மர் எழுந்து வந்து பார்த்தார். கைக்குட்டை கையிலேயே தங்கிவிட்டது. "என்ன மருந்து போட்டீங்க?"

"ஒண்ணும் போடல ஸார். தடுக்கி விழுந்தேன், அவ்வளவுதான்."

ரக்னா வாளியைப் பார்த்தாள். வரவேற்பறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. ஒட்வாருக்கு அந்தச் சிரிப்பு தெரியும். கல்யாண வாழ்க்கையில் அண்ணனை நடுங்க வைத்த சிரிப்பு.

"வாளியில இருக்கிறது எந்தத் தண்ணி?"

"தொட்டித் தண்ணிதான்," என்றார் ஹெல்மர்.

"அதே தண்ணியில தொட்டிக்குள்ள சாகுது. வாளியில குலுக்கினதும் பொழைக்குது. அப்ப தண்ணியில விஷம் இல்ல. குலுங்கினப்போ எதுவோ வெளிய போயிருக்கு, இல்லன்னா எதுவோ உள்ள வந்திருக்கு. ரெண்டும் காத்துதான். ஸார், உங்க தொட்டி எங்கேருந்து மூச்சு வாங்குது?"

"ஸ்கிம்மர் வழியா," என்றார் ஹெல்மர். "அது காத்தை இழுத்துத் தண்ணிக்குள்ள குமிழியா அடிக்கும். அழுக்கு நுரையா மேல வந்துடும். தொட்டிக்குக் கீழ அலமாரியில இருக்கு."

"பார்த்தேன். காத்து இழுக்கிற குழாய் ஒண்ணு அதுலேருந்து கிளம்பி, சுவர்ல ஓட்டைக்குள்ள போகுது. அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

ஹெல்மர் காதுமடல் வரை சிவந்தார். "அது ஒண்ணுமில்ல. அந்தக் குழாய் எந்நேரமும் புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சு. சாயங்காலம் சோபாவுல சாஞ்சா, உன் மீனுங்க குறட்டை விடுதுன்னு யோருன் சொன்னா. அதான் முனையை அந்தப் பக்கம் தள்ளிட்டேன்."

"எப்ப?"

"அவகிட்ட சாவி கொடுத்த வாரம்."

"தொட்டியில ஒண்ணுமே மாத்தலன்னு சொன்னீங்களே."

"தொட்டியில மாத்தலயே. குழாய் தொட்டிக்கு வெளியில இருக்கு."

ஒட்வார் யோருன் பக்கம் சாய்ந்தான். "கட்டிக்கப் போறவங்க கவனிக்கணும். கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் வரும்."

யோருன் சிரிக்கவில்லை. அவள் கை கழுத்துக்குப் போயிருந்தது. அங்கே ரிப்பனில் ஒரு சிறிய சாவி தொங்கியது.

"சுவருக்கு அந்தப் பக்கம் மாடிப்படிக்கு அடியில இருக்கிற அறை," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "என் கல்யாண டிரஸ் உள்ள இருக்கு. கல்யாணத்துக்கு முந்தி மாப்பிள்ளை அதைப் பார்க்கக் கூடாதுன்னு வழக்கம், அதான் சனிக்கிழமை வரைக்கும் ஹெல்மர் அந்த அறையைத் திறக்கக் கூடாது."

"நான் திறக்கல," என்றார் ஹெல்மர். "குழாயைக்கூட இந்தப் பக்கத்துலேருந்துதான் சொருகினேன்."

"நீங்க இங்கயே இருங்க ஸார்," என்றாள் ரக்னா. "தீர்ப்பைப் பார்த்துக்குங்க. தம்பி, வா. அந்த ஈ எங்கே சுத்திக்கிட்டு இருந்துச்சு?"

"மாடிப்படி ஓரமா."

"அக்டோபர் கடைசியில, இந்தக் குளிர்ல, பழ ஈ. வீட்ல ஒரு பழத்தட்டுகூட இல்ல. அதுங்க டிரஸ் பார்க்கவா வந்துச்சுங்க?"

*

யோருன் பூட்டைத் திறந்தாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. நல்ல சாம்பல் நீலத்தில் ஒரு நீளமான உடை தொங்கியது. அதன் பின்னால், சரிந்த படிகளின் அடியில், பழைய ரஜாய் ஒன்று எதையோ மூடியிருந்தது. அதற்குள்ளிருந்து 'பளப்... பளப்...' என்று சத்தம் வந்தது. ஆப்பிள் வாசனை மூக்கில் ஏறியது.

ரக்னா ரஜாயை விலக்கினாள். முழங்காலளவு உயரத்தில் இரண்டு கண்ணாடி ஜாடிகள். மஞ்சளாக, கலங்கலாக, மேலே நுரை கட்டி, கொதிக்காமலேயே கொதித்துக்கொண்டிருந்தது ஆப்பிள் சாறு. தரையோரமாகச் சுவரிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் குழாயின் முனை எட்டிப் பார்த்தது. ஜாடிகளுக்கு நடுவில்தான் அதற்கு இடம் கிடைத்திருந்தது.

"தீப்பெட்டி இருக்கா?"

ஒட்வார் ஒரு குச்சியைப் பற்றவைத்து ஜாடியின் வாய்க்குக் கொண்டுபோனான். சுடர் யாரோ ஊதினாற்போல் அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது.

"கரியமில வாயு," என்றாள் ரக்னா. "சாறு மதுவாகும்போது குடம் குடமா விடும். காத்தைவிடக் கனம். இந்தச் சின்ன அறையில கீழ தேங்கிக் கிடக்கு. ஸ்கிம்மர் பாவம், நல்ல காத்துன்னு நினைச்சு இரவும் பகலும் இதை இழுத்து மீனுக்கு ஊட்டிக்கிட்டு இருக்கு. இறால் தாங்கிக்கிச்சு, மீனால முடியல."

"ஹர்டாங்கர்ல என் தம்பி தோட்டத்து ஆப்பிள்," என்றாள் யோருன். "கல்யாணத்தன்னிக்கு எல்லாருக்கும் என் கையால போட்ட ஆப்பிள் மது கொடுக்கணும்னு ஆசை. ஹெல்மருக்கே தெரியக் கூடாதுன்னு இங்க ஒளிச்சேன். இங்கதான் தொட்டி மோட்டார் சூட்டுல வெதுவெதுப்பா இருக்கு." சட்டென்று நிறுத்தினாள். "அப்ப கொன்னது..."

"கொன்னவங்களைக் கண்டுபிடிச்சாச்சு," என்றாள் ரக்னா மெல்ல. "நீங்கதான், யோருன்."

ஒட்வார் தலையைச் சொறிந்தான். ஒரு குற்றவாளி துப்பறிகிறவர்களைத் தேடிப்பிடித்து, காபி போட்டுக் கொடுத்து, கையோடு கூட்டிவந்து தன்னையே பிடித்துக் கொடுத்த வழக்கு இதுவரை அவர்களுக்கு வந்ததில்லை.

"வேற வழி யோசிக்கலாம்," என்று கிசுகிசுத்தான். "ஜாடியை நான் கோட்டுக்குள்ள மறைச்சுக் கொண்டுபோயிடறேன். குழாய்க்குள்ள சிலந்தி கூடு கட்டிடுச்சுன்னு சொல்லிடலாம். சிலந்தி மறுக்காது."

யோருன் உடையின் மடிப்பை ஒரு தடவை நீவிவிட்டாள். "வேண்டாம் தம்பி. நானே சொல்லிக்கிறேன்."

*

நின்றுகொண்டே சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஹெல்மர் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"குழாயை அங்க சொருகினது நான்," என்றார் அவர்.

"ஜாடியை வச்சது நான்."

"எனக்காகத்தானே வச்சே?"

"நீயும் எனக்காகத்தானே சொருகினே?"

இதோடு முடிந்தது என்று ஒட்வார் மூன்றாவது ரொட்டிக்குக் கை நீட்டினான். முடியவில்லை. யோருன் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஆனா ஹெல்மர், நான் வேணும்னே கொன்னேன்னு நீ நினைச்சே. ரெண்டு வாரமா. ஒரு வார்த்தை கேக்கல. சனிக்கிழமைக்குள்ள முடிவு தெரியணும்னு சொன்னே. இந்த அம்மா வரலைன்னா நீ கல்யாணத்தை நிறுத்தியிருப்பே. அதை எப்படி நான் மறக்கிறது?"

கழுத்திலிருந்த ரிப்பனைக் கழற்றி, சாவியோடு மேஜைமேல் வைத்தாள். சத்தமே இல்லாமல்தான் வைத்தாள். ஒட்வாரின் கை ரொட்டிக்கு ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் நின்றது.

ஹெல்மர் திகைத்துப்போய்ப் பார்த்தார். "கல்யாணத்தை நிறுத்துறதா? யாரு சொன்னா?"

"நீதான். ஒரு முடிவுக்கு வந்துடணும்னு."

"தொட்டி விஷயம் முடிவுக்கு வரணும்னு சொன்னேன்." அவர் தொண்டையைச் செருமினார். மூக்கைத் துடைத்தார். "மீன் வளர்க்கிற சங்கத்துல ஒருத்தர் வெள்ளிக்கிழமை காலையில வண்டியோட வரார். மீன், பவளம், தொட்டி எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன். உனக்கு அதுங்களைப் பிடிக்கலைன்னு நினைச்சேன். சொல்ல முடியாம இப்படிப் பண்றேன்னு நினைச்சேன். அதுங்களோட உன்னால இருக்க முடியாதுன்னா, அதுங்க இல்லாம நான் இருந்துக்கிறேன்."

யோருன் அவரையே பார்த்தாள்.

"நான் கொலைகாரின்னு நம்பிக்கிட்டே என்னைக் கட்டிக்கிறதா இருந்தியா?"

"ஆமா."

"ஜாமீனையும் வாய்தாவையும் கொன்னவளை?"

"மேல்முறையீடு போனப்போ ரொம்பக் கஷ்டமாத்தான் இருந்துச்சு," என்று ஒப்புக்கொண்டார் ஹெல்மர்.

யோருன் முதலில் அழுதாள். அழுகை பாதியில் வழிமாறிச் சிரிப்பாகிவிட்டது, பிறகு இரண்டும் கலந்து எதுவென்று சொல்ல முடியாமல் போயிற்று. ஹெல்மர் தன் கைக்குட்டையை நீட்டினார். அது இருந்த நிலையைப் பார்த்துவிட்டு அவசரமாகத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"தம்பி, வெளிய போய்க் குழாயைப் பார்க்கலாம் வா," என்று ரக்னா கொழுந்தனின் காலரைப் பிடித்து இழுத்தாள்.

குழாயை வரவேற்பறை ஜன்னல் வழியாக மழைக்குள் நீட்டினார்கள். ஸ்கிம்மர் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டது. காபி இன்னொரு சுற்று வந்து ஆறியபோது, மஞ்சள் மீன் நீர்மட்டத்தை விட்டு இறங்கிப் பாறைகளுக்கு நடுவில் ஒரு சுற்று வந்தது. சங்கத்துக்காரருக்கு ஹெல்மர் போன் செய்து, வெள்ளிக்கிழமை வண்டி வேண்டாம், சனிக்கிழமை சாப்பிட வாருங்கள் என்றார். ஒட்வார் இரண்டு ஜாடிகளையும் ஒவ்வொன்றாகச் சமையலறைக்கு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான், இந்த முறை தடுக்காமல்.

"கல்யாணத்துக்குள்ள தயாராயிடுமா?" என்று கேட்டாள் ரக்னா.

"பார்த்துடலாம்," என்று யோருன் நாலு கண்ணாடித் தம்ளர்களை எடுத்தாள்.

ஒட்வார் முதலில் குடித்தான். அவன் முகத்தில் கண்ணும் மூக்கும் வாயும் ஒரே இடத்தில் கூடிக் கலந்தாலோசித்தன.

"அண்ணி," என்றான் மூச்சு வந்ததும், "மீனுங்க இதோட ஆவியைத்தான் பிடிச்சதுங்க. அதுங்க அதிர்ஷ்டம் செஞ்சதுங்க."

ரக்னா அவன் முழங்காலை மேஜைக்கடியில் உதைத்தாள். ஹெல்மர் தம்ளரைக் காலி செய்தார். கண்ணில் நீர் திரண்டது, ஜலதோஷத்தால் என்று சொல்லிக்கொள்ளலாம். தம்ளரை மறுபடி நீட்டினார்.

யோருன் ஊற்றாமல் ஜாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உண்மையைச் சொல்லு ஹெல்மர். எப்படி இருக்கு?"

முன்னாள் நீதிபதி சற்று யோசித்தார்.

"சத்தியம் பண்ணச் சொல்லாத வரைக்கும்," என்றார், "ரொம்ப நல்லா இருக்கு."